ஷெரிப் வீட்டு எழவு

அத்தியாயம் பதினாலு

கல்யாண வீடு, காது குத்து என்று அலைந்ததில் சென்ற வாரப் புத்தகத்தைத் தவறவிட்டவர்களுக்கு மட்டும் இந்தச் சுருக்கம். மற்றவர்கள் நேரே சோழபுரத்துக்குப் போய்விடலாம்.

சத்திரப்பட்டியில் எங்கள் பக்கத்து வீட்டுத் தனுஷ்கோடி தறி போட்டு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி நெய்கிறவர். மகள் செல்லக்கனி தையல் மிஷினும் கையுமாக இருப்பவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் மைக்செட் கடை வைத்திருக்கும் காளிராஜ் அவளுக்குச் சொந்த அத்தை மகன். முறையும் சரி, மனசும் ஒத்துப்போச்சு, பிறகென்ன என்பீர்கள். அத்தைக்காரி வந்து பெண் கேட்க வேண்டாமா? அவள்தான் வரமாட்டாள்.

அத்தை பாலம்மாள், தனுஷ்கோடிக்கு ஒரே தங்கை. ஏழு வருஷத்துக்கு முன்னால் அவள் புதுவீடு பால் காய்ச்சிய அன்றைக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தது. அண்ணன் வரவில்லை. கட்டுத்துணி மூட்டை ஏற்றிய லாரியில், டிரைவர் மடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீர் மட்டும் வந்தது. தேங்காய், பழம், சேலை எல்லாவற்றிலும் பிளீச்சிங் வாடை. பாலம்மாள் நேரே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக்கு நடந்து, மலைப் பெருமாள் சந்நிதியில் துளசியைக் கையில் வாங்கி, இனி அண்ணன் முகத்தில் முழிப்பது அவன் செத்த அன்றைக்குத்தான் என்று சத்தியம் பண்ணிவிட்டாள். சேதி கேட்ட அண்ணன், 'அப்ப ரொம்ப நாள் காத்துக் கெடக்கணுமே' என்றாராம். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தது என்று தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை.

இந்த வெள்ளிக்கிழமை தூத்துக்குடி உப்பளக்காரர் வீட்டில் இருந்து செல்லக்கனிக்கு நிச்சய வெற்றிலை மாற்ற வருகிறார்கள். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவளுடைய அம்மா பரிபூரணம் ஒற்றைக்காலில் நிற்கிறாள். 'வந்து கேக்காத வீட்டுக்குப் பொண்ணக் கொண்டுபோயி நானா தள்ள முடியும்?' என்பது அவள் கட்சி. ஞாயமும் அவள் பக்கம்தான். நடுவில் இருப்பது புதனும் வியாழனும்.

இனி சோழபுரம்.

பரிபூரணத்தின் தம்பி வைகுண்டராஜ் மெட்ராஸில் யார் யாருக்கோ அசிஸ்டெண்டாக இருந்து தலைமுடியைக் கொடுத்துவிட்டு, தொப்பி வாங்கிக்கொண்டு வந்தவர். சொந்தமாகப் படம் எடுக்கிறார். பேர் 'பேய்க்குதிரைப் பள்ளத்தாக்கு'. அமெரிக்காவில் நடக்கிற கதை. ஷெரிப் என்று ஒருவர், அந்த ஊர் இன்ஸ்பெக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், குதிரைத் திருடர்கள் கையால் செத்துப்போகிறார். பிறகு பேயாகக் குதிரையேறி வந்து ஒவ்வொருத்தனாகப் பழிவாங்குகிறார்.

அமெரிக்கா சோழபுரம் ரோட்டோரம் இருந்தது. தனுஷ்கோடியின் தரிசு நிலம் அது. மைத்துனன் கேட்டான், கொடுத்துவிட்டார். ஒட்டுப்பலகையில் சாராயக்கடை, ஜெயில், பேங்கு எல்லாம் வரிசையாக நின்றன. முன்னால் நின்று பார்த்தால் அமெரிக்கா, பின்னால் போனால் சவுக்குக் கம்பு. மேற்கே நம்ம மலை இருந்ததால் மலைக்குத் தனியாகச் செலவில்லை. பேய்க்குதிரை ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டேஷன் ஜட்கா வண்டிக் குதிரை. நாலுகால் பாய்ச்சலில் வரும், ஆனால் வழியில் யாராவது கையைத் தூக்கினால் பழக்கத்தில் நின்றுவிடும். அதனால் கதாநாயகி பயந்து கையைத் தூக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

ஆனி மாதக் காற்று. தொப்பிகள் எல்லாம் தென்காசி ரோட்டுக்குப் பறந்தன. செல்லக்கனி ஒவ்வொரு தொப்பிக்கும் கட்டுத்துணியில் நாடா தைத்துக் கொள்ளைக்காரர்கள் தாடையில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் முடிச்சுப் போட்டாளே தவிர, கண் ஜெனரேட்டர் பக்கமே இருந்தது. ஜெனரேட்டர், மைக், விளக்கு எல்லாம் காளிராஜ் பொறுப்பு. நான் எதற்குப் போனேன் என்று கேட்கிறீர்களா? வெயிலில் வேலை செய்கிறார்களே, ஒரு பானை மோர் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று போனேன். மோர் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. நான் சாயங்காலம் வரை இருந்தேன், அவ்வளவுதான்.

புதன்கிழமை எடுக்க வேண்டியது ஷெரிப்பின் அடக்கம். கேமரா வாடகை வண்டி மறுநாள் மத்தியானம் மதுரைக்குத் திரும்பியாக வேண்டும். பெட்டி தயார். கட்டில் செய்கிற ஆசாரியிடம், ஆள் படுக்கிற மாதிரி ஒரு பெட்டி என்று சொல்லிவிட்டிருக்கிறார்கள். அவர் கடைசல் பிடித்த நாலு காலும் வைத்துக் கொடுத்துவிட்டார். காலைத் தரையில் குழி பறித்துப் புதைத்தார்கள்.

ஷெரிப்பாக நடித்தவர் மதுரை நாடகக்காரர் சுந்தரபாண்டியன். நல்ல ஆள், நல்ல மீசை. பெட்டி வரைக்கும் வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். அவர் சம்சாரம் ஏழு மாதக் கர்ப்பம். பிள்ளைத்தாய்ச்சி புருஷன் எழவு வீட்டுக்கே போகக்கூடாது, இதில் தானே எழவாகப் படுப்பதாவது? பேயாக எவ்வளவு வேண்டுமானாலும் வருகிறேன், பிணமாக மட்டும் முடியாது என்று தீர்த்துச் சொல்லிவிட்டார். வைகுண்டராஜ், பிணமாகாமல் எப்படிப் பேயாக முடியும் என்று கதைச் சிக்கலை எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அவர் மசியவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

முகத்தில் பச்சரிசி மாவு அப்பி, தொப்பியை நெற்றி வரைக்கும் இறக்கிவிட்டால் யார் படுத்தாலும் ஒன்றுதான். ஆனால் யார் படுப்பது? கொள்ளைக்காரர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் மோர் குடிக்க வந்தார்கள்.

கடைசியில் நிலத்துக்காரரே முன்வந்தார். மைத்துனன் படம் நின்றுபோனால் வீட்டில் பரிபூரணத்துக்கு யார் பதில் சொல்வது? தவிர, செத்துப்போனதாகச் சேதி பரவினால் ஆயுசு கெட்டி என்று யாரோ சொல்லவும் தனுஷ்கோடிக்குத் தெம்பு வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, பூட்ஸை மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் இறங்கிப் படுத்தார். மகளே அப்பாவுக்கு மாவு பூசினாள்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் வந்தது.

அழுவதற்கு மம்சாபுரத்தில் இருந்து வெள்ளத்தாய் தலைமையில் ஒப்பாரிக்காரிகள் வந்திருந்தார்கள். கட்டுத்துணியைக் கறுப்புச் சாயத்தில் முக்கி செல்லக்கனி கவுன் தைத்திருந்தாள். அந்தத் துணி கொசுவலை மாதிரி, இந்தப் பக்கம் இருந்து பார்த்தால் அந்தப் பக்கம் தெரியும். அதனால் சேலைக்கு மேலேயே மாட்டிவிட்டார்கள். வெள்ளத்தாய் கவுனோடு பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, செத்தவர் யார் என்று விசாரித்தாள்.

ஷெரிப் டாம்சன் என்றார் வைகுண்டராஜ்.

டாம்சனுக்கு அப்பன் பேர் என்ன, தாய்மாமன் எந்த ஊர், பெண் எடுத்த இடம் எது என்று கேட்டாள். அவர் அனாதை என்றார் டைரக்டர். அனாதைக்கு இத்தனை பேர் வந்து மாரடிக்க என்ன அவசியம் என்றாள். வைகுண்டராஜ் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். சும்மா 'ஐயோ, ஐயோ' என்றால் போதும் என்றார். அந்தப் பேச்சு மட்டும் வெள்ளத்தாய்க்குப் பொறுக்கவில்லை.

"சும்மா ஐயோங்கறதுக்கு எங்கள எதுக்குக் கூட்டியாந்தீரு? வம்சம் சொல்லாம வாயில அழுகை வருமா? படுத்திருக்கவரு யாரு, அவரு வம்சத்தச் சொல்லும். அத வச்சு அழுதிருவோம்."

தனுஷ்கோடியின் வம்சத்தைச் சொன்னார்கள். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தாள். பிறகு, கூடப்பிறந்தவள் உண்டா என்றாள். எல்லாரும் பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தார்கள்.

"உண்டுமா?"

"உண்டு," என்றாள் செல்லக்கனி.

"அவிய வந்து மொதக் குரல் எடுக்கணும். பொறவுதான் நாங்க சேருவோம். பொறந்தவ இருக்க, கூலிக்காரி முந்திக்கிட்டா எங்க தொழிலுக்கே மரியாத இல்ல. போயிக் கூட்டியாங்க. நாங்க செத்த நேரம் இருக்கோம்."

வைகுண்டராஜுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் படம் பிடித்திருந்தால்கூட அன்றைய வேலை முடிந்திருக்கும்.

செல்லக்கனி மாவுக் கையோடு எழுந்து ஜெனரேட்டர் பக்கம் போனாள். காளிராஜ் காதில் ஏதோ சொன்னாள். அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ராஜ்தூத் பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பிறகு காளிராஜிடமே கேட்டு வாங்கினேன். அவன் அம்மாவிடம் பொய் சொல்லவில்லையாம். மாமா படத்தில் செத்துவிட்டார், நீ வந்து அழுதால்தான் எடுக்க முடியும் என்று உள்ளது உள்ளபடி சொன்னானாம். பாலம்மாள் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள்.

"பொட்டியில படுத்தாச்சா?"

"படுத்தாச்சும்மா."

"மூஞ்சிக்கு மாவு பூசுனாகளா?"

"ஒம்மருமகதான் பூசுனா."

மருமகள் என்றதை அவள் மறுக்கவில்லையாம். முறத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு எழுந்தாள். "அவன் செத்த அன்னிக்கி முழிக்கேன்னுதான் பெருமாள்கிட்ட சொன்னேன். எப்பிடிச் சாகணும்னு பெருமாளும் கேக்கல, நானும் சொல்லல," என்று சொல்லிக்கொண்டே தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். நான் என்ன சொல்கிறேன் என்றால், ஏழு வருஷமாக இந்தப் பொம்பளை இப்படி ஒரு சந்து கிடைக்காதா என்று தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

ராஜ்தூத் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. பாலம்மாள் வண்டி நிற்பதற்கு முன்னாலேயே இறங்கிவிட்டாள். அமெரிக்கா, ஜெயில், தொப்பிக்காரர்கள் எதையும் அவள் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். அண்ணன் வெள்ளை வெளேரென்று கையை மார்பில் கட்டிக் கிடந்தார். தங்கை வருகிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உச்சியில் நின்ற வெயிலில் படுத்தவர் லேசாகத் தூங்கிவிட்டிருந்தார் என்றே நினைக்கிறேன்.

கேமரா ஓட ஆரம்பித்தது. பாலம்மாள் பெட்டி மேல் விழுந்தாள்.

"சத்திரப்பட்டித் தறியெல்லாம்
சத்தமிட்டு ஓடுதே - நீ
சத்தமில்லாமப் பொட்டிக்குள்ள
சாஞ்சதென்ன கூடப்பொறந்தானே!"

பெட்டிக்குள் ஷெரிப்பின் ஒரு பூட்ஸ் திடுக்கிட்டது. வெள்ளத்தாய் கூட்டம் ஒரே குரலாகச் சேர்ந்துகொண்டது. கறுப்புக் கவுன்கள் காற்றில் பறக்க, மார்பில் அடிக்கிற சத்தம் மலை வரைக்கும் கேட்டிருக்கும். நான் எத்தனையோ எழவு பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு எழவு பார்த்ததில்லை. பாலம்மாள் அடுத்ததை எடுத்தாள்.

"வெள்ளித் தாம்பாளம் வருமின்னு
வீதி பாத்து நின்னேனே - சீரு
வெள்ளைத்துணி மூட்டையோட
வெறுமனே வந்ததென்ன!

ஒனக்குக் கால் வலியும் வந்ததில்ல
கைவலியும் வந்ததில்ல - ஒம்
பொண்டாட்டி தலவலியில்
பொறந்தவள மறந்ததென்ன!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் எனக்குப் பின்னால்தான் பரிபூரணம் நின்றுகொண்டிருந்தாள். யூனிட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. அன்றைக்குப் புருஷன் புதுவீட்டுக்குப் போகாததற்குக் காரணம் அவளுடைய தலைவலி என்பது தெருவில் எனக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இனிமேல் படம் ஓடுகிற எல்லா ஊருக்கும் தெரியும். நான் நைசாகத் திரும்பிப் பார்த்தேன். அவள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள்.

பாலம்மாள் குரல் அதற்குள் இறங்கிவிட்டது. இப்போது அது பாட்டாகவும் இல்லை, பேச்சாகவும் இல்லை. சின்ன வயதில் தோட்டத்துக் கிணற்றில் அவள் விழுந்ததையும், நீச்சல் தெரியாத அண்ணன் பின்னாலேயே குதித்ததையும், இரண்டு பேரையும் சேர்த்து ஊர் தூக்கியதையும் சொன்னாள். தூக்கிப் போட்ட பிறகும் அவள் சடையை அவர் கை விடவில்லையாம். ஏழு வருஷமாகச் சடை பின்னும்போதெல்லாம் அந்தக் கை ஞாபகம் வருகிறது என்றாள்.

"சார்," என்று கேமராக்காரர் மெல்லச் சொன்னார், "பொணம் அழுவுது."

உண்மைதான். அரிசி மாவில் இரண்டு கோடு இறங்கிக் காதுப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தட்டுமா என்று அவர் கேட்க, வைகுண்டராஜ் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். அடுத்ததாக ஷெரிப்பின் வலது கை மெதுவாகப் பெட்டியில் இருந்து எழும்பி, தங்கச்சி தலையில் போய் உட்கார்ந்தது. மாரடித்தவர்களில் ஒருத்தி கவுனைத் தூக்கிக்கொண்டு ரோட்டைப் பார்த்து ஓடினாள். ஜட்காக் குதிரை, கை தூக்கியதைப் பார்த்து, தானாக நடந்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது.

கட் என்று சொல்ல வைகுண்டராஜுக்கு வாய் வரவில்லை. பிலிம் தீர்ந்துதான் நின்றது. இடைவேளை இதுதான், இதைப் பார்த்துவிட்டு எவனும் எழுந்து டீ குடிக்கப் போகமாட்டான் என்று சுந்தரபாண்டியனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர், இந்த இடத்தில் நான் இல்லையே என்று வருத்தப்பட்டார்.

தனுஷ்கோடி எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான், பாலம்மாள் சேலைத் தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். உயிரோடு எழுந்துவிட்டாரே, இனி முழிக்கக்கூடாது. காளிராஜ் ஜெனரேட்டரை அணைத்தான். அந்த அமைதியில் ஒட்டுப்பலகை பேங்கு காற்றில் கடகடத்தது.

தனுஷ்கோடி தங்கையின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்து நெற்றி வரை இறக்கி வைத்துக்கொண்டு, பெட்டிக்குள் மறுபடியும் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏட்டி பாலு, செத்துட்டேன். இப்பப் பேசு."

அவள் திரும்பினாள். தலைப்பை இறக்கினாள். பெட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எம்மகனுக்கு ஒம்மகளக் கேட்டு வந்திருக்கேன். தாரியா?"

"கூட்டிட்டுப் போ," என்றது பிணம், கண்ணைத் திறக்காமல்.

கொள்ளைக்காரர்கள் விசில் அடித்தார்கள். செல்லக்கனி கையில் இருந்த தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வெள்ளத்தாய், தான் வேலை பார்த்த எழவில் கல்யாணம் நிச்சயமானது இதுதான் முதல் தடவை என்று சொல்லி, கூலியில் ஒரு சேலையும் சேர்த்துக் கேட்டாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. தூத்துக்குடிக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது என்கிற யோசனை எல்லாருக்கும் அப்புறம்தான் வந்திருக்கும்.

அப்போது பரிபூரணம் நடந்து வந்தாள். விசில் நின்றது. தனுஷ்கோடி ஒரு கண்ணைத் திறந்தார், மனைவியைப் பார்த்ததும் மறுபடி மூடிக்கொண்டார். அந்த நேரத்தில் செத்திருப்பது எவ்வளவு வசதி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"பெத்தவ நானு," என்றாள் பரிபூரணம். சத்தம் போடவில்லை. "அண்ணனும் தங்கச்சியும் அழுதாச்சு, கூடியாச்சு. என் தலவலிய ஊரே கேட்டாச்சு. அன்னிக்கி எனக்கு மெய்யாவே தலவலி. அத ஒருத்தரும் கேக்கல."

"மதினி..." என்றாள் பாலம்மாள்.

பரிபூரணம் அவளைப் பார்க்காமல் தம்பி பக்கம் திரும்பினாள். "ஏலே, ஒம்படத்துல பொம்பளச் சாவு உண்டா?"

இல்லை, அந்த மாதிரி ஒன்றும் எழுதவில்லை என்று வைகுண்டராஜ் தடுமாறினார்.

"எழுது. ஷெரிப்புக்குப் பொண்டாட்டி இருக்கட்டும். நாளைக்கிக் காலையில அந்தப் பொட்டியில நான் படுக்கேன். இவ வந்து மொதக் குரல் எடுக்கட்டும். என்னைய என்ன சொல்லி அழுதான்னு கேட்டுட்டு, பொறவுதான் வெத்தலையப் பத்திப் பேச்சு."

தூக்குச்சட்டியை எடுத்து மூடியைத் திறந்து, எல்லாரும் சாப்பிட உட்காருங்கள் என்றாள். பிலிம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று வைகுண்டராஜ் கண்ணாலேயே கேட்க, கேமராக்காரர் இரண்டு விரலால் ஒரு சிறிய இடைவெளியைக் காட்டினார்.

ஊர் திரும்புகிற பஸ்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். வெள்ளத்தாயும் பாலம்மாளும் எனக்கு முன் சீட்டில் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். ராஜபாளையம் தாண்டுகிற வரைக்கும் பாலம்மாள் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் இறங்க வேண்டிய இடம் போய்விட்டது. போகட்டும் என்று இருந்துவிட்டேன். கடைசியில் அவள் வெள்ளத்தாய் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"யக்கா, மதினியப் பத்தி நல்ல விதமா அழணும்னா பொதுவா என்ன சொல்லுவாக?"

வெள்ளத்தாய் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் தெரிய ஆரம்பித்துவிட்டது. அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.